நல்ல கிருமி விற்ற புரொஃபெசர்

எங்கள் ஊரான பெலேமின் ஆற்றுப் படகுத்துறையில் அந்த மாதம் மீன் வாங்க வந்தவர்களைவிடக் கிருமி வாங்க வந்தவர்கள் அதிகம். காசு கொடுத்துக் கிருமி வாங்கிய ஊர் வேறு எங்காவது உண்டா என்று தெரியவில்லை. எங்கள் ஊர் வாங்கியது, அதுவும் முண்டியடித்து.

விற்றவர் தெற்கிலிருந்து வந்த புரொஃபெசர் எவாந்த்ரோ. எந்தக் கல்லூரி என்று யாரும் கேட்கவில்லை. வெள்ளைக் கோட்டு போட்டிருந்தார், அது போதாதா? "உடம்புக்குக் கெடுதல் செய்யாத ஒரு வைரஸ் இருக்கு. அது எச்.ஐ.வி.யை அடக்கிடும். இந்தப் புட்டியில இருக்கு" என்றார்.

சோதனையும் உண்டு. முதல் நாள் பக்தியோடு ஒரு மரவள்ளி அடை தின்றுவிட்டுக் கிண்ணத்தில் துப்ப வேண்டும். அவர் இரண்டு சொட்டுப் பழுப்புச் சாறு விடுவார். எச்சில் கறுத்தால் கெட்ட கிருமி ஆட்டம் போடுகிறதாம். புட்டியைக் குடித்து, அடுத்த வாரம் வெறும் வயிற்றோடு வந்து துப்பினால் கறுக்காது. "நல்லவன் ஜெயிச்சுட்டான், மாத்திரையை ஆத்துல போடு" என்பார்.

புட்டியைக் குடித்து ஒரு வாரம் கழித்து வந்து துப்பிய வால்தெசிருக்கு அன்று காலை கறுக்கவில்லை. பல வருடமாக எச்.ஐ.வி. மாத்திரையால் கல்லுக்குண்டாக நடமாடும் மனிதர், சாயங்காலம் மாத்திரை டப்பாவோடு ஆற்றங்கரைக்கு வந்துவிட்டார். பக்கத்திலேயே தக்காக்கா என்னும் இறால் கஞ்சி விற்கும் அவர் மனைவி தொராலிசி கரண்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். கையை எட்டிப் பிடித்தாள்.

"ஏங்க, நில்லுங்க. உங்களுக்கு மாத்திரை குடுக்கிற டாக்டரம்மாகிட்ட கேட்டேன். அப்படி ஒரு வைரஸ் இருக்கிறது நிஜம்தானாம். ரெண்டும் இருக்கிற சிலருக்கு நோய் மெதுவாப் போகுதுன்னு சில ஆராய்ச்சி சொல்லுதாம். ஏன்னு இன்னும் சரியாத் தெரியலையாம். ஆனா அதை மருந்துன்னு யாரும் குடுக்கிறதில்லை, மாத்திரையை விட்டா ஆபத்துன்னாங்க."

"அவர் கண் முன்னால காட்டினாரே, தொராலிசி."

"முதல்ல அடை தின்னுட்டு, அப்புறம் வெறும் வயித்தோட. அது ஏன்னு கேட்டீங்களா?"

கேட்கவில்லை. கூட்டத்தில் ஒருவரும் கேட்கவில்லை. நம்புகிறவனுக்குக் கேள்வி கேட்க நேரம் ஏது?

வெயில் தாழ்ந்தது. எங்கள் ஊரில் அந்த வேளையில் தக்காக்காவை வேண்டாம் என்பவர் கிடையாது. தொராலிசி சுரைக்குடுவை நிறைய மரவள்ளிப் பசையும் புளிச்சாறும் இறாலும் ஊற்றிப் புரொஃபெசரிடம் நீட்டினாள். மனிதர் உதடு மரக்கும் கீரையோடு வழித்துக் குடித்து, "அற்புதம்மா" என்றார்.

"சந்தோஷம். இப்ப உங்க கிண்ணத்துல ஒரு தரம் துப்புங்க, ஐயா."

"நானா? நான் சுத்தமானவன்மா."

"அதைத்தான் எல்லாருக்கும் காட்டணும்" என்றாள். கூட்டமும் "துப்புங்க" என்றது. வேறு வழியில்லாமல் துப்பினார். அவருடைய சாற்றையே தொராலிசி எடுத்து இரண்டு சொட்டு விட்டாள். எச்சில் கன்னங்கரேலென்று ஆனது.

ஒருவர் இரண்டடி பின்வாங்கினார். தொராலிசி அதட்டினாள்: "எதுக்குய்யா பயந்து ஓடுறே? அவருக்கு ஒண்ணும் இல்லை. இதைப் பாரு." வாயில் வைக்காத புது அடை ஒன்றை எடுத்து, அதன்மேல் சாற்றை விட்டாள். அதுவும் கறுத்தது.

"அடைக்கும் எச்.ஐ.வி. வந்துடுச்சா, புரொஃபெசர்?"

காயத்துக்குப் போடும் அயோடின் அது. மாவுப்பொருளைக் கண்டால் கறுக்கும், பள்ளிக்கூடத்திலேயே சொல்லித்தருவார்கள். புட்டியில் இருந்தது சர்க்கரைத் தண்ணீர். துறையே சிரித்து உருண்டது. அந்தச் சத்தத்தில் வெள்ளைக் கோட்டு எந்தப் படகில் ஏறியது என்று யாரும் பார்க்கவில்லை.

வால்தெசிர் டப்பாவைத் திறந்து அன்றைய மாத்திரையைப் போட்டுக்கொண்டு கை நீட்டினார். "ஒரு தக்காக்கா ஊத்துடி. இறால் கூடப் போடு, பயந்துட்டேன்ல."

"பயந்தது நான். எனக்குத்தான் இறால்" என்றாள் அவள்.

டாக்டரம்மா சொன்ன அந்த நிஜக் கிருமி எப்படி உதவுகிறது என்பதை ஆராய்ச்சிக்காரர்கள் கண்டுபிடிக்கட்டும். 'ஏன்' என்று கேட்கிற கிருமி மட்டும் தொராலிசியிடம் இலவசமாகக் கிடைக்கிறது. அதற்குத்தான் இன்னும் ஒருவரும் வரிசையில் வரக் காணோம்.