முதுகுவலிக்குச் சிவப்புச் சீட்டு

பென்னலூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அக்கா பெற்ற அருமை மகள் மதிவதனிக்கு மாமன் கோபால் மனமார வாழ்த்தி எழுதுவது. இங்கே நானும் உன் அத்தை சரோஜாவும் சுகம். எனக்குச் சுகம் சற்றுக் கூடுதல். மருத்துவ முகாமுக்குப் போன மலையூரில் நீ நலமா? அங்கே சிக்னல் இல்லாததால் இந்தக் கடிதம். சிக்னல் இருந்திருந்தால் எனக்கு முன்னாலேயே உன் கைடு மேடம் உன்னைப் பிடித்திருப்பார். பதறாதே. எல்லாம் நல்லபடியாக முடிந்தது, முடித்தவன் நான்.

கிளம்பும்போது ஒரு கட்டுக் காகிதம் கொடுத்து, "மாமா, இது என் லிட்ரேச்சர் ரிவ்யூ, இதுவரைக்கும் வந்த ஆராய்ச்சிங்க என்ன சொல்லுதுன்னு எழுதினது, கூடவே நான் படிச்ச கட்டுரைங்க. காஞ்சிபுரத்துல மேடத்துக்கு கூரியர் பண்ணிடுங்க, போதும். அவங்க கையெழுத்து போட்டாத்தான் கம்பெனி லைன்ல நின்னு வேலை செய்றவங்க முதுகுவலிய நான் ஆராய்ச்சி பண்ண முடியும், இல்லன்னா ஆறு மாசம் வீண்" என்றாயே, போதும் என்று நீ சொன்னாலும் இருங்காட்டுக்கோட்டைக் கம்பெனியில் தலை நரைக்கும்வரை சரக்குச் சோதனை செய்த கண் சும்மா இருக்குமா? ஜப்பான்காரனே என்னைக் கேட்டுத்தான் போல்ட்டை முடுக்குவான். எங்கள் வழக்கம், மேஜையில் ஒரு நல்ல பீஸை மாதிரியாக வைப்போம், வருகிற பீஸ் அதோடு ஒத்துப்போகாவிட்டால் சிவப்புச் சீட்டு ஒட்டித் தனிப்பெட்டி. உன் கட்டு முழுவதையும் படித்தேன். இங்கிலீஷில் புரியாத இடத்தைத் தாண்டிவிடுவேன், அவ்வளவு வேகம். அதில் ஒரேயொரு கட்டுரைதான் லைன் வேலைக்கும் முதுகுவலிக்கும் சம்பந்தமில்லை என்றது. சத்தியமான கட்டுரை! காலமெல்லாம் நின்றே வேலை செய்த எனக்கு வலி எந்தப் பக்கம் வரும் என்றே தெரியாது. அதை மாதிரியாக வைத்து, மற்றதுக்கெல்லாம் சிவப்பு ஒட்டி, உன் ரிவ்யூவில் அவற்றைப் பற்றிய பக்கங்களையும் உருவிவிட்டு, மிஞ்சியதை அனுப்பினேன். கூரியர் செலவும் குறைந்தது.

புதன்கிழமை மேடம் போன் செய்தார். "என்ன சார் இது, முதுகுவலியே இல்லன்னு ரிவ்யூ சொல்லுது. அப்போ உங்க பொண்ணு எதை ஆராய்ச்சி பண்ணப் போறா?"

"ஒத்துவராததை எல்லாம் ரிஜெக்ட் பண்ணிட்டேன் மேடம்."

பக்கத்திலிருந்து உன் அத்தை, "இன்னாயா பண்ணி வச்சிகீற, பொண்ணு படிப்புல மண்ணள்ளிப் போட்டுட்டியே!" என்று கத்த, மேடம் சொன்னார்: "நமக்குப் பிடிச்ச சாட்சிய மட்டும் கூப்பிடறது ரிவ்யூ இல்ல சார். வலி இருக்குன்னவங்க, இல்லன்னவங்க ரெண்டு பேரையும் உட்கார வைக்கணும். யாரைப் பார்த்தாங்க, எப்படிக் கேட்டாங்க, ஏன் வேற வேற பதில் வந்துச்சுன்னு எழுதணும். இன்னும் யாருமே கேட்காதது எதுன்னு காட்டணும், அங்கதான் மதியோட வேலை ஆரம்பிக்குது. சனிக்கிழமைக்குள்ள முழுக்கட்டும் வரலன்னா கையெழுத்து இல்ல."

"நானும் அதையேதான் நினைத்தேன்" என்றேன். நல்ல காலம், கழித்த சரக்கை நாங்கள் எடைக்குப் போடுவதில்லை. அனுப்பியவன் வந்து பார்க்கும்வரை பூட்டி வைப்போம். பெட்டியைத் திறந்து, மூட்டையை ஒற்றைக் கையால் தோளில் போட்டு, ஸ்ரீபெரும்புதூரில் பஸ் ஏறி, காஞ்சிபுரம்வரை நின்றபடியே போய், மூன்று மாடி ஏறி இறக்கினேன். மேடம் எழுந்து நாற்காலி கொடுத்தார். "நிற்பது எனக்கு ஓய்வு" என்றேன். அசந்துபோய்க் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

நல்ல பேரெடுத்து நூறாண்டு இரு. பட்டம் வாங்கும் நாளில் முன்வரிசை எனக்கு.

உன் மாமன்,
கோபால்.

பின்குறிப்பு: மதி, நான் அத்தை. தபாலில் போடச் சொன்னார், பிரித்துப் படித்தேன். பஸ் படியில் ஒரு கால் வைத்ததுமே மாமாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. பஸ்ஸில் போனது, மாடி ஏறியது, கையெழுத்து வாங்கியது எல்லாம் நான். வருஷக்கணக்காக ராத்திரிதோறும் தைலம் தேய்ப்பதும் நானே. முதல் ஆளாக இவரை உன் ஆராய்ச்சியில் சேர்த்துக்கொள். ஆனால் வலிக்கிறதா என்று மட்டும் கேட்காதே, இல்லை என்றுதான் சொல்வார். "எழுந்து நில்லுங்க மாமா" என்று சொல்லிப் பார்.