ஹ்ரடெட்ஸ்கி பிரபுவின் கைத்தடி

மதிப்பிற்குரிய வோய்டெக் மாமாவுக்கு, அக்கா மகள் லுட்மிலா வணக்கத்துடன் எழுதுவது. நலம், உங்கள் முழங்கால்களின் நலம் அறிய ஆவல்.

இசையே காதில் விழாத ஒருவர் இசைக்காகத் தம் மாளிகையில் பாதியைக் கொடுப்பாரா? எனக்கு விடை தெரியவில்லை.

நம் ஹ்ரடெட்ஸ்கி பிரபு பேரரசரின் தூதராக டூரினிலும் கான்ஸ்டான்டிநோபிளிலும் எல்லாருக்கும் தலையாட்டியே சமாதானம் செய்தவர் என்று பள்ளியில் படித்தோம். ஏன் தலையாட்டினார் என்பது இப்போதுதான் புரிகிறது. ஆய்வுப் பட்டம் வாங்கி வந்து நான் கவனிக்கும் அருங்காட்சியகத்தின் பரணில், அவருடைய தொப்பிப் பெட்டிக்குள், காது கேளாதோர் வைத்துக் கேட்கும் காதுக்குழல்கள் மூன்று கிடைத்தன. கச்சேரி முடிந்ததும் அவருடைய மாடத்திலிருந்து நீங்கள் அவருடைய கைத்தடியால் மூன்று முறை தட்டிய பிறகே ஊர் கைதட்டுகிறதே, அது அவருடைய ரசனையின் நினைவாக அல்ல. 'முடிந்துவிட்டது ஐயா' என்று வேலையாள் தரை அதிரத் தட்டி அவருக்குத் தெரிவித்த வழியாக இருக்கலாம். தடியின் தந்தப் பிடியில் உள்ள பல்தடங்கள் பிரபுவின் நாயுடையவை என்று அருங்காட்சியக அட்டை சொல்கிறது, அதையாவது நம்புகிறேன்.

நகரத் தலைவர் ஸ்பினெக்கிடம் இதைச் சொன்னேன். "செவிடு பேருல இசை விழாவா, டாக்டரம்மா? ஆத்துக்கு அந்தப் பக்கத்து ஆளுங்க சிரிச்சே செத்துருவானுங்க" என்றவர், அப்படியே பேச்சை உங்கள் பக்கம் திருப்பினார். போன வருடம் மெதுவான பகுதியின் நடு இடைவெளியில் நீங்கள் தட்டிவிட, சபை கைதட்ட, செல்லோக்காரர் எழுந்து வணங்கி, வில்லை மிதித்து முறிக்க, தூங்கிய பாதிரியார் விழித்து ஆமென் சொன்னதையெல்லாம் நினைவூட்டி, தடி இனித் தம் மருமகனுக்கு என்றார். உங்கள் காதுக்கு ஒன்றும் குறையில்லை என்று வாதாடி, அதைக் காட்ட உங்கள் இருவரையும் ஞாயிறு விருந்துக்கு அழைத்தேன். அங்கே அவர், "தடியை விட்டுடுறீங்களா பெரியவரே?" என்று கேட்க, நீங்கள், "வாத்துக்கறி போதும்ப்பா, இன்னும் ரெண்டு மாவுருண்டை வை" என்றீர்கள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எனக்கு நல்லாத்தான் கேக்குது. நீங்கள்லாம்தான் முணுமுணுக்கிறீங்க" என்றீர்கள்.

மாமா, இதை உங்களிடம் கத்திச் சொல்ல மனம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். நாளை கச்சேரிக்கு முன் தடியை நீங்களே கொடுத்துவிடுங்கள். பிடுங்கும்படி விடாதீர்கள்.

புனித வாக்லாவ் உங்கள் முழங்கால்களையும் பெருமையையும் காக்கட்டும்.

லுட்மிலா

பி.கு.: நேற்றுத் தபாலில் இதைச் சேர்க்கத் தவறிவிட்டேன். மேலே உள்ளதை அடித்துவிட்டதாகக் கொள்ளுங்கள். இன்று கச்சேரியில் நடந்ததை மட்டும் பதிவு செய்கிறேன். நீங்கள் தடியைப் பலகைத் தரையில் ஊன்றி, பலகையின் அதிர்வைப் பற்களால் கேட்பவர் போலப் பிடியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். நடு இடைவெளியில் ஸ்பினெக்கின் மருமகன் கைதட்டினார், தனியாக. நீங்கள் அசையவில்லை. கடைசி ஸ்வரம் எங்கள் காதுகளை விட்டுப் போன பிறகும் சற்றுக் காத்திருந்து, மூன்று முறை தட்டினீர்கள். மாலையில் நாயைப் பற்றிய அட்டையை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் இன்னும் எதுவும் எழுதவில்லை.