கண்ணாடிக்காரரின் தகுதிச் சுற்று

மனைவியிடம் ஒரு பொய் சொல்லிவிட்டாவது சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக் கால்பந்து ஆட்டத்தைப் பார்த்தே தீருவது என்று கண்ணாடிக்காரர் முடிவெடுத்தார். முடிவெடுத்த இடம் அவருடைய மூக்குக்கண்ணாடிக் கடை. ஊருக்கெல்லாம் பார்வை கொடுக்கிறவர். தன் வீட்டு விஷயத்தில் மட்டும் அவருக்குக் கொஞ்சம் மங்கல்தான்.

பொய் எதற்கு? நாலு வருஷத்துக்கு முன்னால் அவர் செய்த சத்தியம் அப்படி. அன்றைக்கு நாட்டு அணி பெனால்டியில் தோற்றது. இவர் நாற்காலியோடு பின்பக்கமாகச் சாய்ந்தார். பக்கத்து வீட்டு டாக்டரம்மா ஓடி வந்து பிரஷர் பார்த்தார். கருவியில் பாதரசம் கூரையைத் தொட்டது. "இனிமே மேட்ச் பார்த்தீங்கன்னா என்னைக் கூப்பிடாதீங்க" என்றார் டாக்டரம்மா. "பார்க்கமாட்டார்" என்றாள் மனைவி, இவர் வாயைத் திறப்பதற்குள். இவர் தலையை ஆட்டினார். அதுதான் சத்தியம்.

ஆனால் இந்தச் சனிக்கிழமை சாதாரணச் சனிக்கிழமையா?

உலகக் கோப்பைக்குப் போவதென்றால் சும்மா இல்லை. ஆறு நாடுகளை ஒரே குழுவில் போட்டுவிடுவார்கள். ஒவ்வொரு நாட்டோடும் நம் மண்ணில் ஒரு ஆட்டம், அவர்கள் மண்ணில் ஒரு ஆட்டம். ஆகப் பத்து ஆட்டம். ஜெயித்தால் மூன்று புள்ளி, சமனானால் ஒன்று, தோற்றால் முட்டை. முதலிடத்துக்காரன் நேரே போகலாம். இரண்டாமிடத்துக்காரன் இன்னொரு குழுவின் இரண்டாமிடத்தோடு முட்டி மோதி, பிழைத்துக் கிடந்தால் போகலாம். மீதிப் பேர் வீட்டில் உட்கார்ந்து டிவி பார்க்கலாம். கண்ணாடிக்காரரின் நாடு எப்போதும் டிவி பார்க்கிற நாடு.

இந்த முறை ஒன்பது ஆட்டம் முடிந்து, முதலிடத்துக்காரனுக்கு இருபது புள்ளி, நமக்குப் பதினெட்டு. பத்தாவது ஆட்டம் அதே முதலிடத்துக்காரனோடு, அதுவும் நம் நகரத்து மைதானத்தில். ஜெயித்தால் நாம்தான் பெரிய புள்ளி. சமனானால்கூட முதலிடம் போச்சு.

இதையெல்லாம் அவர் கடையின் முகம் பார்க்கும் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு தாளில் எழுதி ஒட்டி, வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் மட்டும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் மூச்சு விடவில்லை. அவள்தான் கால்பந்தை வெறுத்துவிட்டாளே என்று நினைத்தார். நினைத்தபோது நெஞ்சில் ஏதோ முள் மாதிரி குத்தியது. ஏனென்றால் அவளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுத்ததே அவர்தான்.

அது கல்யாணமான வருஷம். இருபத்தெட்டு வருஷமாகிறது. அப்போது கடை இதில் பாதி. சாப்பாடு கொண்டுவந்த புதுப்பெண்டாட்டியைக் கடையிலேயே நிறுத்திவைத்து, ஆறு கண்ணாடிக் கூடுகளை மேஜைமேல் வரிசையாக அடுக்கினார்.

"இது ஒவ்வொண்ணும் ஒரு நாடு."

"இதுல நம்ம நாடு எது?"

"இந்தப் பழுப்புக் கூடு."

"ஏன், மூடி உடைஞ்சிருக்கே?"

"அதனாலதான் நம்ம நாடு."

அவள் சிரித்த சிரிப்பில் எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். பிறகு அவள் கேட்டாள், "ஜெயிக்கிறவங்க எல்லாரும் போவாங்களா?"

"இல்ல. ஜெயிக்கிறவங்கள்ல நல்லா ஜெயிச்சவங்க."

"ரெண்டு பேரும் ஒரே மாதிரி ஜெயிச்சிருந்தா?"

"போட்ட கோல்ல வாங்கின கோலைக் கழிக்கணும். எவன்கிட்ட மிச்சம் ஜாஸ்தியோ அவன் மேல."

கழித்தல் அவளுக்குக் கைவந்த கலை. மறுவாரம் அவளே அவருடைய கணக்கில் ஒரு தப்பைக் கண்டுபிடித்தாள். கடைசி ஆட்டத்தை அவர்கள் ரேடியோ கடை வாசலில் நின்றபடி, கண்ணாடி அலமாரிக்குள் ஓடிய டிவியில் பார்த்தார்கள். நல்ல மழை. இரண்டு பேருக்கும் ஒரு குடை. எண்பத்தெட்டாவது நிமிஷத்தில் எதிரி கோல் போட்டான். அதே குடையில் வீடு வரைக்கும் நடந்தார்கள். கதவைத் திறக்கும்போது அவள் சொன்னாள், "போகட்டும் விடுங்க. இன்னும் நாலு வருஷம்தானே."

அதற்கப்புறம் ஆறு தடவை அப்படியே சொல்லியிருக்கிறாள். ஒரு தடவை ஒரே ஒரு கோல் கணக்கில் போச்சு. ஒரு தடவை, மகளுக்கு அம்மை போட்டிருந்த வருஷம், வேறு யாரோ இரண்டு நாடுகள் தங்களுக்குள் சமன் செய்துகொண்டதால் போச்சு. அப்போது அவள் அந்த இரண்டு நாடுகளையும் ஒரு வாரம் திட்டினாள். அப்படிப்பட்டவள், அந்தச் சத்தியத்துக்கப்புறம் விளையாட்டுப் பக்கத்தைப் பேப்பரிலிருந்து உருவி அலமாரித் தட்டில் விரித்துவிடுகிறாள்.

வியாழக்கிழமை சாப்பிடும்போது அவள் ஆரம்பித்தாள்.

"என்னங்க, சனிக்கிழமை மத்தியானம் சும்மாதானே இருப்பீங்க? தம்பி ஒரு இடத்துக்குக் கூப்பிடுறான்."

கண்ணாடிக்காரர் சோற்றுக் கையை நடுவழியில் நிறுத்தினார். மச்சினன் வீடு மாற்றப்போகிறான் என்று அவருக்குத் தெரியும். மச்சினனிடம் ஒரு இரும்பு பீரோ இருப்பதும் தெரியும்.

"சனிக்கிழமையா? அடடா! அன்னைக்கு ஸ்கூல்ல கண் பரிசோதனை முகாம்."

"எந்த ஸ்கூல்?"

"அது... தூரத்துல."

"அப்படியா?" என்று மோர் ஊற்றினாள்.

வெள்ளிக்கிழமை காலையில் மறுபடியும். "முகாமை வேற நாளைக்கு மாத்த முடியாதா? தம்பி ரொம்ப ஆசையா கேட்கிறான்."

"பசங்க கண்ணு சம்பந்தப்பட்ட விஷயம்மா. விளையாட்டா?"

"விளையாட்டு இல்லதான்" என்றாள் அவள்.

சனிக்கிழமை, அவர் செருப்பு மாட்டும்போது மூன்றாம் முறை. "கடைசியா கேட்கிறேன். வரமாட்டீங்களா?"

"கடமைன்னு ஒண்ணு இருக்கே!" என்றார் கண்ணாடிக்காரர். சொல்லும்போது அவருக்கே தன்மேல் மரியாதை வந்துவிட்டது.

நேரே போன இடம் சலூன். முடிவெட்டுகிறவர் அவருக்குப் பள்ளித் தோழர். கத்திரி என்றுதான் கூப்பிடுவது. கத்திரியின் சலூனில் சுவர் அளவுக்கு டிவி. யாராவது பார்த்தால் சாக்காக இருக்கட்டும் என்று முகத்தில் சோப்பு நுரையைப் பூசிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார்.

முதல் பாதியில் கோல் இல்லை. இரண்டாம் பாதியில் இருபது நிமிஷம் கழித்து எதிரி ஒன்று போட்டான். நுரை காய்ந்தது. கத்திரி ஒரு கன்னத்தை மழித்துவிட்டு மறுகன்னத்தில் மறுபடி பூசினார். எழுபத்திரண்டில் நாம் ஒன்று போட்டோம். அப்போதும் சமன், சமன் என்றால் போச்சு. கண்ணாடிக்காரர் தன் நாடியைத் தானே பிடித்துப் பார்த்துக்கொண்டார்.

எண்பத்தேழாவது நிமிஷம். இடது மூலையிலிருந்து கார்னர். பந்து வளைந்து வந்தது. பதினாலாம் நம்பர் ஆட்டக்காரன் இரண்டு பேருக்கு நடுவில் எழும்பி, தலையால் ஒரு முட்டு.

கோல்!

கத்திரி சவரக்கத்தியைத் தூக்கி எறிந்துவிட்டு இவரைக் கட்டிப்பிடித்தார். இரண்டு பேர் முகத்திலும் நுரை. விசில் ஊதினதும் கண்ணாடிக்காரர் அழுதார். இருபத்தெட்டு வருஷம்! பக்கத்தில் அவள் இல்லையே என்று தோன்றியது. கட்டிப்பிடிக்கக் கத்திரிதானா கிடைக்க வேண்டும்?

அந்த நேரம் பார்த்து டிவியில் கூட்டத்தைக் காட்டினார்கள்.

"ஏம்ப்பா," என்றார் கத்திரி மெதுவாக, "அது உன் வீட்டம்மா மாதிரி இல்ல?"

"சேச்சே, அவ தம்பி வீட்டுல..."

தம்பியும் பக்கத்தில் நின்று குதித்துக்கொண்டிருந்தான். அந்தப் பக்கம் கன்னத்தில் கொடி வரைந்துகொண்டு டாக்டரம்மா. நடுவில், இரண்டு கையையும் மேலே தூக்கி, வாய்விட்டு அழுதுகொண்டு, அவருடைய மனைவி. அவள் பக்கத்தில் ஒரு நாற்காலி காலி. அதன்மேல் அவர்கள் வீட்டுச் சிவப்பு பிளாஸ்க், நீல மூடியோடு.

மைதானம் முழுக்க அறுபதாயிரம் பேர். காலியாக இருந்தது அந்த ஒரு நாற்காலிதான்.

"அது யாரோட சீட்டுப்பா?" என்றார் கத்திரி.

கண்ணாடிக்காரர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். ஒரு கன்னம் மட்டும் மழித்திருந்தது. இன்னொன்றையும் மழித்து முடிக்கிறவரை கண்ணைத் திறக்கவே இல்லை.

பொழுது சாயும்போது அவள் வீட்டுக்கு வந்தாள். குரல் கட்டியிருந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, ஒன்றும் நடக்காதது மாதிரி எதிரே உட்கார்ந்தாள்.

"முகாம் எப்படிப் போச்சு?"

"பிரமாதம். நூறு பிள்ளைங்க."

"நான் எங்கே போனேன் தெரியுமா? மேட்சுக்கு. தம்பி நாலு டிக்கெட் வாங்கியிருந்தான். உங்களுக்குத் தெரியாம வச்சிருந்து கூட்டிட்டுப் போகலாம்னு. பக்கத்துல டாக்டரம்மா இருந்தா தைரியமா பார்ப்பீங்கன்னு அவங்களையும் கூப்பிட்டேன்."

அவர் புருவத்தை உயர்த்தினார். "அட! என்ன மேட்ச்? யாரு ஜெயிச்சாங்க?"

"நாமதான். முதல் கோலே நாமதான் போட்டோம்."

அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். "அப்படியா?"

"ஆமாம். அவன் எழுபதுல திருப்பிப் போட்டான். அப்புறம் கடைசியில அந்தப் பத்தாம் நம்பர் பையன் இருக்கானே..."

அவர் நாற்காலிக் கையை இறுகப் பிடித்தார். "ம்... பத்தாம் நம்பர்."

"வலது பக்கத்துல இருந்து வந்த பந்து. எகிறி ஒரு உதை விட்டான் பாருங்க, காலால..."

"காலாலயா!" கண்ணாடிக்காரர் துள்ளி எழுந்தார். "கண்ணு தெரியுதா உனக்கு? இடது மூலை கார்னர்! பதினாலாம் நம்பர்! தலையால முட்டினான்டி, தலையால!"

அவள் சிரிக்கவில்லை. கைப்பையைத் திறந்து, கிழிக்காத டிக்கெட் ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்தாள். அதில் வரிசை எண்ணும் நாற்காலி எண்ணும் தெளிவாக இருந்தன. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பொய்யின்னு எப்போ தெரிஞ்சுது?"

"வியாழக்கிழமையே. சனிக்கிழமை ஸ்கூல் லீவுங்க."

"அப்போ டிக்கெட் இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! என்னை எதிர்த்து இப்படியா ஆடுவே?"

"நான் எங்கேங்க ஆடினேன்?" என்றாள் அவள். "மூணு தடவை பந்தை உங்க காலுக்குத்தான் கொடுத்தேன். மூணும் நீங்களா போட்டுக்கிட்ட சேம் சைடு கோல்."