துவக்கண்ணனும் பிள்ளையாரின் வாகனமும்

பெருச்சாளி சுடப் போவதற்கு முன்னால் பிள்ளையாரிடம் முறைப்படி அறிவித்துவிட்டுப் போன கத்தோலிக்கர் இந்த மலைநாட்டில் ஒருவர்தான். அவர் எங்கள் துவக்கண்ணன். வேறு யாராவது இருப்பதாகத் தெரிந்தால் எழுதுங்கள், நேரில் வந்து கும்பிட்டுவிட்டுப் போகிறேன்.

வட்டகொடை ஸ்டேஷனில் இறங்கி மூன்று கிலோமீற்றர் மேலே ஏறினால் எங்கள் தோட்டம். அங்கே பள்ளிக்கூடத்தில் நான் மாஸ்டர். எங்கள் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால், தேயிலை கைவிடப்பட்ட ஒரு சரிவில், இருபது குடும்பங்கள் உருளைக்கிழங்கும் லீக்ஸும் போடுகிறோம். மார்கழிக் கடைசியில் விதைக்கிழங்கை ஊன்றுவோம். தை பிறந்ததும் பெருச்சாளி வந்து அதைத் தோண்டும். நாம் வரிசையாக ஊன்றினால் அதுவும் வரிசை தப்பாமல் தோண்டும், நடுவில் ஒன்றைக்கூட விடாது. அந்த வகையில் என் மாணவர்களை விட ஒழுங்கான பிராணி.

அதைச் சுடுவதற்கென்றே கிழங்கு போடுகிற எங்கள் சங்கத்தில் ஒரு காற்றுத் துவக்கு உண்டு. சுடத்தான் ஆள் கிடையாது. பெருச்சாளி பிள்ளையாரின் வாகனம் அல்லவா? கிழங்கும் வேண்டும், பாவமும் ஒட்டக்கூடாது என்று கூழுக்கும் மீசைக்கும் சேர்த்து ஆசைப்பட்டுக்கொண்டு ஆளாளுக்கு முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு கூட்டத்தில் தோட்டத் தலைவர்தான் வழி கண்டுபிடித்தார். எங்கள் லயங்களில் ஒரே ஒரு வேதக்காரக் குடும்பம் இருக்கிறது. அதன் தலைவர், மழைத்தண்ணீர் ஓடும் கான் வெட்டும் ஆட்களுக்குக் கங்காணி. பிள்ளையாருக்கும் அவருக்கும் கொடுக்கல் வாங்கல் எதுவும் இல்லை, ஆகவே தோஷம் பிடிக்காது என்று தலைவர் தீர்ப்புச் சொல்லித் துவக்கை அவர் கையில் கொடுத்துவிட்டார்.

அன்றோடு அவருடைய சொந்தப் பெயர் மாதா கோயில் பதிவேட்டுக்குள் போய் ஒளிந்துகொண்டது. எல்லோருக்கும் அவர் துவக்கண்ணன். அவருடைய மனைவிகூட தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் வந்து நின்று, துவக்கண்ணனை யாராவது பார்த்தீர்களா என்றுதான் கேட்பார். இதில் இருக்கும் உறவுமுறைக் குழப்பத்தை அந்த அம்மாவும் கவனிக்கவில்லை, அவரும் கவனிக்கவில்லை.

ஆனால் தலைவர் நினைத்த மாதிரி அவர் பிள்ளையாரை அலட்சியம் செய்கிறவர் அல்லர். முதல் நாள் காலையில், பூட்ஸைக் கழற்றிவிட்டு, விடாத தூறலில் வெறுங்காலோடு சேற்றில் நின்றுகொண்டு, பிள்ளையார் கோயிலுக்கு வெளியே இருந்தபடியே பேசினார். நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

"ஐயா, நான் வேதக்காரன். ஒளிச்சு மறைச்சு ஒண்ணும் செய்ய மாட்டேன். கோயிலுக்குள்ள இருக்கிற உங்க வாகனத்த நான் தொட மாட்டேங்க. கிழங்குப் பாத்திக்குள்ள வர்றது உங்களுது இல்லைன்னு நெனச்சுக்கிறேன். உங்களுதா இருந்தா நீங்களே புடிச்சுக் கட்டி வச்சுக்கங்க."

பூசாரி வெளியே வந்து விபூதி நீட்டினார். அதை மறுக்கவும் மனமில்லாமல் பூசிக்கொள்ளவும் முடியாமல் துவக்கின் குழாயில் மூன்று விரலால் இழுத்துவிட்டுப் புறப்பட்டார். அடுத்த ஞாயிறு பாவசங்கீர்த்தனத்தில் இதையும் சொல்லியிருக்கிறார். எத்தனை பெருச்சாளி விழுந்தது என்று மாதா கோயில் சாமியார் கேட்டாராம். ஒன்றும் இல்லை என்றாராம். அப்படியானால் பாவமும் இல்லை, எழுந்து போகலாம் என்று அனுப்பிவிட்டாராம்.

அவருக்குத் தெரிந்த வேலை முறை ஒன்றே ஒன்றுதான், கங்காணி முறை. ஆகவே வேட்டைக்கும் பெரட்டு வைத்தார். விடிகிற நேரத்தில், மூச்சு புகையாக வருகிற குளிரில், கோயிலடியில் ஆள் கூடவேண்டும். பெயர் கூப்பிடுவார், வேலை பிரிப்பார். கூடுகிற ஆள் நான் ஒருவன்தான். என்றாலும் என் பெயரைக் கூப்பிட்டு, நான் குரல் கொடுத்த பிறகுதான் என் பக்கம் திரும்புவார். ஒரு நாள் ஐந்து நிமிஷம் பிந்திப் போனேன். பெரட்டுக் கலைந்துவிட்டது, நாளைக்கு வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டு, அவரும் வீட்டுக்குப் போய்விட்டார். ஆள் இல்லாமல் கங்காணி மட்டும் மலைக்குப் போகிற வழக்கம் கிடையாதாம். இன்னொரு நாள், குறி பார்க்கிற நேரத்தில் நான் தும்மித் தொலைத்துவிட்டேன். அன்றைக்கு எனக்கு அரைப்பேர்தான். தோட்டத்தில் வேலையை முழுசாக முடிக்காத ஆளுக்கு அரைநாள் மட்டும் போடுவார்களே, அதுதான் அரைப்பேர். பட்டதாரி ஆசிரியனான எனக்கு அது உண்மையாகவே சுட்டது.

சேற்றைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். மார்கழி மழையில் ஊறிய சரிவு தை மாதத்தில் கால் வைத்தால் காலைத் திருப்பித் தராது. தலையில் கம்பளியும் இடுப்பில் சாக்குப் படங்குமாகப் பாத்திக்கு நடுவில் இருவரும் குப்புறப் படுப்போம். அட்டைக்காக முழங்கால் வரை சவர்க்காரம் பூசியிருப்போம். சவர்க்காரம் பூசிய மனிதன் சரிவில் படுத்தால் என்ன ஆவானோ அது எங்களுக்கு வாரம் இரண்டு முறை ஆயிற்று. துவக்கை உயர்த்திப் பிடித்தபடி துவக்கண்ணன் கால் முன்னால் போக வழுக்கிக்கொண்டு கானுக்குள் விழுவார். விழுந்த இடத்திலிருந்தே, தான் வெட்டவைத்த கான் ஆழம் சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு ஏறி வருவார்.

நாலு வருஷத்தில் அவர் சுட்டவை இவை: பீலிக்குத் தண்ணீர் வரும் குழாய், தலைவர் வீட்டுக் கூரைத் தகரம், காக்கை விரட்ட நாங்களே நட்ட வெருளியின் தலைச் சட்டி, தன்னுடைய இடது பூட்ஸ். குழாய் உடைந்த அன்று முழு லயமும் தண்ணீர் இல்லாமல் ஏசியது. அவர் அலட்டிக்கொள்ளவில்லை. குழாய்க்குள் பெருச்சாளி ஓடியதாகத் தனக்கு ஒரு சந்தேகம் என்றார்.

இந்தத் தையில்தான் தலைவருக்குப் பொறுமை போனது. கொழும்பில் செக்யூரிட்டி வேலை பார்த்த ஒருவர், தோட்டத்தின் கீழ்ப் பிரிவான கீழ்க்கணக்கு லயத்துக்குத் திரும்பி வந்திருந்தார். அவரும் வேதக்காரர். தைப்பூசத்துக்குள் ஒன்றாவது விழவேண்டும், இல்லாவிட்டால் துவக்கு கீழ்க்கணக்குக்குப் போகும் என்று தலைவர் சொல்லிவிட்டார். துவக்கண்ணன் மறுநாளே பெரட்டை அரை மணி முன்னால் வைத்தார். அதன் பிறகு எனக்குத் தூக்கமே இல்லை.

பூசத்துக்கு முதல் நாள் காலை. மூடுபனியில் நாலு பாத்திக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. பனி கொஞ்சம் விலகியபோது, கோயிலுக்குக் கீழே இருக்கிற கல்வரம்பின் மேல் கறுப்பாக ஒன்று குந்தியிருந்தது. ஆட்டுக்குட்டி அளவு இருக்கும்.

"அசையுது மாஸ்டர்."

அசையவில்லை அண்ணே என்றேன். மூச்சு விடுகிறது என்றார். பொறுங்கள் என்று அவர் தோளைத் தொடுவதற்குள் சுட்டுவிட்டார். 'டக்' என்று ஒரு சத்தம். கறுப்பு ஓடவில்லை, விழவும் இல்லை. நாங்கள் சேற்றில் கையூன்றி ஏறிக் கிட்டப் போனோம்.

பூசத்துக்காகக் கோயிலுக்குப் புதிதாகச் செய்த சீமெந்து மூஞ்சூறு. கறுப்புப் பெயிண்ட் காய்வதற்காகப் பூசாரி வெளியே எடுத்து வைத்திருக்கிறார். இடது காது காணவில்லை. நாலு வருஷத்தில் அவர் குறி தப்பாமல் சுட்டது, தொட மாட்டேன் என்று அவர் வாக்குக் கொடுத்த அந்த ஒன்றைத்தான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது. சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"மாஸ்டர், ஒரு வருஷமா எனக்குச் சரியாத் தெரியல. கண்ணுல பூ விழுந்திருக்குன்னு டாக்டர் சொல்லிட்டாரு. உங்களையே குரல வச்சுத்தான் கண்டுபிடிக்கிறேன். ஒப்பரேசன் செய்யணும், ரெண்டு மாசம் எதையும் தூக்கக்கூடாதுங்கிறாங்க. சொன்னா துவக்க வாங்கிருவாங்க. துவக்கு போயிட்டா என்னைய யாரு தேடப்போறாங்க?"

அன்று மத்தியானமே கூட்டம் கூடிவிட்டது. துவக்கண்ணன் தானாகவே போய் நடந்ததைச் சொல்லித் துவக்கைத் தலைவர் முன்னால் வைத்தார். வாகனத்தைப் பின்னம் செய்தால் ஊருக்கே ஆகாது என்று நாலு பேர் கொதித்தார்கள். பூசாரி மட்டும் வெற்றிலையை நிதானமாக மென்று முடித்துவிட்டுப் பேசினார்.

"வாகனத்துக்கு இன்னும் கண்ணு தெறக்கல. கண்ணு தெறக்கிற வரைக்கும் அது சீமெந்துதான். சீமெந்துல காது போனா சீமெந்து வச்சுப் பூசிக்கலாம்."

காதுப் பிரச்சினை தீர்ந்தது. துவக்குப் பிரச்சினை பாக்கி. கீழ்க்கணக்கு ஆளுக்குச் சொல்லி அனுப்பட்டுமா என்று தலைவர் கேட்டார். நான் கூட்டங்களில் வாய் திறக்கிறவன் அல்லன். அன்று எழுந்து, துவக்கண்ணன் கண் ஒப்பரேசன் முடித்து வரும்வரை துவக்கு என்னிடம் இருக்கட்டும் என்றேன்.

"மாஸ்டர் சுடுவீங்களா?"

"சுட மாட்டேங்க. வச்சிருப்பேன்."

"அப்ப கெழங்கு?"

"என் பாத்திதான மேல இருக்கு. மொதல்ல என்னுதத்தான் திங்கும். நான் ஒண்ணும் கேக்கல."

தலைவர் துவக்கை எடுத்து என் கையில் கொடுத்தார். அன்று சாயந்தரம் துவக்கண்ணனே உட்கார்ந்து காதைப் பூசினார். தடவித் தடவிப் பூசியதில் வலது காதைவிட இடது காது ஒரு சுற்று பெரிசாகிவிட்டது. அதோடுதான் பூசத்தன்று கண் திறந்தார்கள்.

போன திங்கட்கிழமை அவரைக் கண்டி பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். பயத்தைக் காட்டிக்கொள்ளாமல், பெரட்டை விட்டுவிடாதீர்கள் மாஸ்டர் என்று ஜன்னல் வழியாகச் சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு ஒரு கண் முடிந்து மற்றக் கண்ணுக்கு நாள் குறித்திருக்கிறார்கள். இங்கே பெருச்சாளிகள் என் பாத்தியில் மூன்று வரிசையை முடித்துவிட்டு நாலாவதில் இறங்கியிருக்கின்றன. விடிகிற நேரத்தில் எழுந்து போய்க் கோயிலடியில் நிற்கிறேன். குளிர் அதே குளிர்தான், சேறும் அதே சேறுதான். என் பெயரைக் கூப்பிடத்தான் ஆள் இல்லை. சீக்கிரம் வாங்க அண்ணே.