அமுதூட்ட நின்ற பஸ்

அரசாங்க ஆபீசில் காலம் முழுக்கக் குப்பை கொட்டியவளுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு முறை தெரிந்திருக்கும். வாரிசுச் சான்றுக்கு யாரைப் பார்ப்பது, பட்டா மாற்ற எந்த மேசை முன்னால் நிற்பது, பேறுகால விடுப்பை எப்படி நீட்டிப்பது என்று இன்றைக்கும் தெருவே என்னிடம் வந்து கேட்கிறது. பசித்து அழும் சொந்தப் பிள்ளைக்கு நாலு பேர் நடுவில் பால் கொடுக்க மட்டும் முறை தெரியாமல் போய்விட்டது. (எந்த விதியிலும் இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன்.)

அறுபதுகளின் தொடக்கம். நானும் அவரும் கொடைக்கானலில் உத்தியோகம். மகளுக்கு ஐந்தாம் மாதம் முடியிறக்கப் பழனிக்குப் புறப்பட்டோம். வத்தலக்குண்டு போய்ச் சுற்றிக்கொண்டு போகவேண்டும். கிளம்பும்போது வயிறு நிறையப் பால்; அடுத்தது வத்தலக்குண்டில், தெரிந்தவர் வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு. இதுதான் என் திட்டம். மகளைக் கலந்து ஆலோசிக்கவில்லை. பெருமாள்மலை தாண்டியதும் அவள் ஆட்சேபணை தெரிவித்தாள்.

பக்கத்து இருக்கையில், கொடைக்கானலுக்கு மேல்மலையிலுள்ள போளூர்க்காரி ஒருத்தி, காலடியில் பூண்டு மூட்டையோடு. மடியில் பிள்ளைக்குப் பால் கொடுத்தபடியே முன்சீட்டுக்காரரிடம் பூண்டு விலை பேசி வந்தாள். அவருக்கும் விலைதான் கண்ணில் பட்டது. பஸ்ஸில் அவளைப் பார்த்தது நான் ஒருத்திதான். ‘படிக்காதவள்’ என்று நினைத்துக்கொண்டேன். (நான் படித்தவள். அதனால்தான் என் பிள்ளை அழுதுகொண்டிருந்தது.)

“ஏங்க, வண்டியை நிறுத்தச் சொல்லுங்க.”

“என்னன்னு சொல்றது? நீயே சொல்லு. உனக்குத்தான் தமிழ் நல்லா வரும்,” என்று அவர் பத்திரிகைக்குள் போய்விட்டார்.

சுற்றிலும் ஆண்கள். ‘பால்’ என்ற சொல் தொண்டையைத் தாண்டவில்லை. கண்டக்டரைக் கூப்பிட்டுப் பள்ளிக்கூடத் தமிழில் சொன்னேன்: “குழந்தைக்கு அமுதூட்டணும். கொஞ்சம் நிறுத்துறீங்களா?”

கண்டக்டர் பழனிக்காரர். “அமுதூட்டுறதுன்னா கோயில்ல வச்சுல்லங்க செய்யணும்? நடுமலையில எப்படிங்கம்மா?”

பிள்ளைக்குக் கோயிலில் முதல் சோறு ஊட்டுவதற்கும் அதுதான் பேர் என்பது அப்புறம்தான் உறைத்தது. அதற்குள் பின்சீட்டில் விசாரணை தொடங்கிவிட்டது.

“எத்தனாவது மாசம்?”

“அஞ்சாம்ல.”

“பொம்பளப் புள்ளைக்கு அஞ்சு சரிதான். ஆனா மொத வாய் சன்னதியிலதான்.”

“பொங்கல் கையில கொண்டாந்திருக்கீங்களா?”

மகள் குரல் கம்மும்வரை அழுதாள். போளூர்க்காரி என் பக்கம் திரும்பி, இன்ஜின் சத்தத்துக்கு மேலே கேட்டாள்: “ஏந்தாயி, புள்ளைக்குப் பாலு குடுக்கணுமா?”

தலையாட்டினேன்.

“அதுக்கா இத்தன கோயிலச் சுத்துறே? வெரசாக் குடு. புள்ள தொண்ட கட்டிக் கெடக்கு.”

கண்டக்டர் நல்ல மனிதர். விசிலை ஊதினார். “ஆம்பளைங்கல்லாம் எறங்குங்க. அம்மா புள்ளைக்குப் பால் குடுக்கணுமாம்.”

எல்லா ஆண்களும் இறங்கிப் பனிமூட்டத்தில் கைகளைக் கட்டிக்கொண்டு, பஸ்ஸுக்கு முதுகைக் காட்டி வரிசையாக நின்றார்கள். கடைசி முதுகு என் கணவருடையது. மலைக்கு வந்த எந்தப் பெரிய அதிகாரிக்கும் அப்படியொரு மரியாதை நடந்து நான் பார்த்ததில்லை.

மாராப்பை இழுத்து இழுத்து மூடிக்கொண்டேன். பால் இறங்கவில்லை. மகள் வாய் வைத்தாள், முகத்தைத் திருப்பினாள், மறுபடி அழுதாள்.

வெளியிலிருந்து கண்டக்டர் குரல்: “முடிஞ்சுதாம்மா?”

‘இல்லை’ என்று அத்தனை முதுகுகளுக்கும் கேட்கிற மாதிரி எப்படிக் கத்துவது?

“வத்தலக்குண்டுல சோலி கெடக்குங்க,” என்றது ஒரு முதுகு.

“முடிஞ்சுதாம்மா?”

“முடிஞ்சது,” என்றேன்.

எல்லோரும் ஏறினார்கள். ஒருவர் அக்கறையாக, “வயிறு நெறஞ்சுச்சா?” என்று வேறு கேட்டார். அடுத்த கொண்டை ஊசி வளைவில் மகளே அதற்குப் பதில் சொன்னாள். பஸ் மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்தது.

“இங்கிட்டுக் குடு தாயி,” என்று போளூர்க்காரி கை நீட்டினாள். தூங்கிவிட்ட தன் பிள்ளையை என் மடியில் வைத்துவிட்டு, என் பிள்ளையை வாங்கி மாரோடு அணைத்தாள். மகள் அவள் பாசிமணியைப் பிடித்துக்கொண்டு மடமடவென்று குடித்தாள். (வெளியிடத்தில் அவள் சாப்பிட்டது அதுதான் முதல்.) பூண்டு விலை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. யாரும் பார்க்கவில்லை. நான் மட்டும்தான் மறுபடியும் பார்த்துக்கொண்டிருந்தேன், ஊரான் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு. அவள் பேரைக்கூடக் கேட்கவில்லை.

ஊர் திரும்பியதும் கண்ணாடிப் புட்டியும் மாவுப்பால் டப்பாவும் வாங்கினேன். எங்கே வேண்டுமானாலும் கௌரவமாகக் கொடுக்கலாம். சில வாரங்களில் எனக்குப் பால் வற்றிவிட்டது. அன்றைக்கு பஸ்ஸில் சொன்ன பொய் அப்போது உண்மையாயிற்று. மகள் என் மடியில் கிடந்து குடித்திருக்க வேண்டிய மாதங்களை எந்த மனுப் போட்டும் திரும்ப வாங்க முடியாது.

மகள் பயமில்லாதவளாக வளர்ந்தாள். வாத்தியாரை எதிர்த்துக் கேட்டாலும், ரேஷன் கடையில் எடை சரியில்லை என்று சண்டை போட்டாலும் அவள் அப்பா சொல்வது ஒன்றே: “போளூர்ப் பால்.”

பிற்பாடு அவள் தன் பிள்ளையோடு எங்களுடன் வந்தபோது, திண்டுக்கல் பஸ் நிலையத்தில் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து பால் கொடுத்தாள். நான் பழக்க தோஷத்தில் முந்தானையை விரித்து மறைத்துக்கொண்டு நின்றேன்.

“தள்ளும்மா, காத்து வரல.”

எங்கள் பஸ் உறுமியது. கண்டக்டர் எங்களைப் பார்த்து விசில் ஊதினார். என்னையறியாமல் கேட்டுவிட்டேன்: “முடிஞ்சுதாம்மா?”

“இல்ல,” என்றாள் மகள், கண்டக்டருக்கும் கேட்கிற மாதிரி.

பஸ் நின்றது. என் முதுகுக்குப் பின்னால் அவள் அப்பா முணுமுணுத்தார்: “போளூர்ப் பால்.”