ஜிக்மஸ் பார்க்காத கோப்பை

"பதினாலு புள்ளி, மச்சான்! நீ குப்பை கொட்டப் போன நேரத்துல பதினாலு புள்ளி போட்டாங்க. நீ திரும்பி வந்து உக்காந்த, எல்லாம் போச்சு!"

மைத்துனன் ரிமாஸ் நீட்டிய விரலை ஜிக்மஸ் மிரண்டு பார்த்தார். காலிக் குப்பை வாளி இன்னும் அவர் காலடியில்தான் கிடந்தது. டிவியில் நம் ஆட்கள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். ஐரோப்பியக் கூடைப்பந்துக் கோப்பையில் இது தொடர்ந்து நான்காவது தோல்வி. எங்கள் ஊர் கௌனாஸில் அணி தோற்ற மறுநாள் ரொட்டிக்கடைக்காரிகூட மீதிச் சில்லறையை எறிந்துதான் கொடுப்பாள்.

"நான் என்னடா பண்ணேன்? எதிர் பிளாக் ஸ்டாசே அக்காவும் குப்பை கொட்ட வந்திருந்தாங்க. பூனைக்கு வயிறு சரியில்லைன்னு பிடிச்சுக்கிட்டாங்க. அதான் லேட்டு."

"இன்னும் அரை மணி பூனையைப் பத்திப் பேசியிருந்தா ஜெயிச்சிருப்போம்" என்றாள் மனைவி டனுடே.

சிரிப்புக்குத்தான் சொன்னாள். ரிமாஸ் சிரிக்கவில்லை. பழைய ஆட்டங்களை விரல்விட்டு எண்ண ஆரம்பித்தான். அங்கே பிடித்தது சனி.

ஜிக்மஸுக்கு இந்த சீசனில் ஒரே ஒரு ஆசைதான். அணியின் கேப்டன் மன்ட்விடாஸ் எங்கள் அடுக்குமாடி முற்றத்துப் பையன். முற்றத்தில் நிற்கும் கூடைப்பந்து வளையத்தை இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் பற்றவைத்து மாட்டியவர் வெல்டர் ஜிக்மஸ். வெல்டிங் சூடு ஆறுவதற்குள் முதல் பந்தை எறிந்தவன் அந்த மன்ட்விடாஸ். இது அவனுக்குக் கடைசி சீசன் என்று செப்டம்பரிலேயே சொல்லிவிட்டான்.

"முதல் கூடையைப் பாத்தவன் நான். கடைசிக் கூடையையும் நான்தான் பாப்பேன்" என்று ஜிக்மஸ் எங்கள் மாடிப்படி வீடுகள் முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அடுத்த ஆட்டத்துக்கு அவரைச் சமையலறையில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினார்கள். மற்றவர்கள் ஹாலில் பார்த்தார்கள். அவர் ஒரு வாளி உருளைக்கிழங்கு உரித்து முடித்தார். அணி மூன்று புள்ளியில் தோற்றது.

"கண்ணைச் சாத்தினோம், காதைச் சாத்தலையே" என்றான் ரிமாஸ்.

அதற்கடுத்த ஆட்டத்துக்கு பால்கனி. நவம்பர் குளிரில், காதில் பஞ்சு, டிவிக்கு முதுகு. பனிமனிதன் மாதிரி நின்றார். அப்படியும் தோல்வி.

"உண்மையைச் சொல்லு மச்சான். எதையாவது பாத்தியா?"

"சத்தியமா இல்லடா. எதிர் பிளாக்ல, ஸ்டாசே அக்கா வீட்டு இருட்டு ஜன்னல்ல மட்டும் ரெண்டு சின்ன வெளிச்சம் நீலமா மினுங்குச்சு. நம்ம டிவி வெளிச்சம் கண்ணாடியில பட்டிருக்கும்."

"பிம்பமும் கணக்குத்தான்!" என்று ரிமாஸ் தலையில் அடித்துக்கொண்டான்.

மூன்றாவது முறை ஆளையே தூக்கி கராஜில் போட்டார்கள். அங்கிருந்த ரேடியோவைப் பிடுங்கிக்கொண்டார்கள். வீட்டில் டனுடேயும் ரிமாஸும் பார்த்த அந்த ஆட்டத்தில் இருபத்தொரு புள்ளித் தோல்வி. மாடிப்படியில் அவசரக் கூட்டம் கூடியது.

"ஆளு மட்டும் இல்ல, அந்த டிவிக்கே இவர் ராசி ஒட்டிக்கிச்சு. பத்து வருஷமா இவர் மூஞ்சியையே பாத்த டிவி" என்று தீர்ப்பு சொன்னான் ரிமாஸ்.

டிவியைக் கம்பளியால் போர்த்தினார்கள். எல்லோரும் அடுத்த தெருவில் ரிமாஸ் வீட்டுக்குப் போனார்கள். ஜிக்மஸ் கராஜுக்குப் போனார். மிலான் அணியைப் பதினெட்டு புள்ளி வித்தியாசத்தில் அடித்தோம்!

அதற்குப் பிறகு ஏழு வெற்றி. ஆட்ட நாளில் கராஜுக்கு உருளைக்கிழங்கு அடை வரும், புகையில் வாட்டிய பன்றி இறைச்சி வரும், ஊறுகாய் வெள்ளரி ஜாடி வரும். பேசக்கூட மாட்டாத மேல்வீட்டு வக்கீல் காலணி கொடுத்தார், உள்ளே ஆட்டுரோமம் வைத்தது. கராஜ் பூட்டு வெளியே விழும் சத்தம் கேட்டபிறகுதான் மாடிப்படி மூச்சுவிடும். சிறையில்கூட இப்படி உபசரிக்கமாட்டார்கள். சிறையில் டிவியாவது இருக்கும்.

ஒரு நாள் ரொட்டிக்கடையில் ஸ்டாசே பிடித்துக்கொண்டாள். ஓய்வுபெற்ற டிராலிபஸ் ஓட்டுநர், கணவனை இழந்தவள், தனிக்கட்டை.

"டிவி ரிப்பேரா, தம்பி?"

உண்மையைச் சொல்ல ஜிக்மஸுக்கு வெட்கமாக இருந்தது. "ஆமாக்கா."

"எப்ப சரியாகும்?"

"சீசன் முடிஞ்சதும்."

ஸ்டாசேயின் முகம் விழுந்துவிட்டது. தனக்காக இவ்வளவு வருத்தப்பட ஊரில் ஒருத்தியாவது இருக்கிறாளே என்று ஜிக்மஸ் அவள் ரொட்டிப் பையைத் தானே வாங்கித் தூக்கிக்கொண்டார்.

ஜனவரியில் மனிதருக்குப் பொறுக்கவில்லை. அன்று எதிரி பெல்கிரேட். வக்கீல் பூட்ட மறந்துபோனார். ஜிக்மஸ் நைசாக வீட்டுக்கு வந்தார். யாரும் இல்லை. கம்பளியை விலக்கி, சத்தத்தைச் சுத்தமாக அமுக்கி, டிவியைப் போட்டார். இன்னும் மூன்றே நிமிடம், நம் அணி ஒன்பது புள்ளி முன்னிலை. மன்ட்விடாஸ் வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தான். தாடியில் இரண்டு நரை. "எவ்வளவு வளந்துட்ட, படவா" என்று ஜிக்மஸ் திரையைத் தொட்டார்.

ஒரு புள்ளியில் தோற்றோம்.

டிவியின் கம்பளி விலகிக் கிடந்ததைப் பார்த்தும் அன்று ரிமாஸ் திட்டவில்லை. அதுதான் தாங்கவில்லை. டனுடே மட்டும், "மூணு நிமிஷம் பொறுக்க முடியலையா, ஏங்க?" என்றாள். அதுவரை இதெல்லாம் கிறுக்குத்தனம் என்று உள்ளூர நினைத்திருந்த ஜிக்மஸ், அன்றிலிருந்து தானும் நம்பிவிட்டார். மறுநாளே டிவியை வண்டியில் ஏற்றி மாமியார் வீட்டில் போட்டுவிட்டு வந்தார். கராஜ் சாவியைத் தானே வக்கீல் கையில் கொடுத்தார்.

அணி ஏறிக்கொண்டே போனது. ஏப்ரலில் மன்ட்விடாஸே போன் செய்தான்.

"ஜிக்மஸ் மாமா, ரிமாஸ் எல்லாம் சொன்னாரு. பசங்க எல்லாரும் உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னாங்க. கொலோன் ஊர்ல கடைசி நாலு அணி ஆட்டம். ரெண்டு டிக்கெட் அனுப்பியிருக்கேன்."

ஜிக்மஸுக்குக் கண் நிறைந்தது. "எனக்கா, கண்ணு?"

"டனுடே அத்தைக்கும் ரிமாஸுக்கும், மாமா. நீங்க... அங்கயே இருங்க. கோவிச்சுக்காதீங்க."

"ச்சே, எதுக்குக் கோவம்" என்றார் ஜிக்மஸ். போனை வைத்துவிட்டு டனுடேயின் பயணப் பெட்டியை எடுத்துத் தூசி தட்டினார்.

இறுதியாட்ட மாலையில் கராஜில் பழைய கார் டயர்மீது உட்கார்ந்திருந்தார். தெரு துடைத்துவிட்டதுபோல் இருந்தது. திடீரென்று ஒரு ஹாரன். பிறகு பத்து. பிறகு ஊர் முழுக்க. கடைசி நொடியில், நடுக்கோட்டுக்குப் பக்கத்திலிருந்து, மன்ட்விடாஸ் எறிந்த பந்து. வக்கீல் கதவைத் திறந்துவிட்டுக் கட்டிக்கொண்டு அழுதார். ஜிக்மஸும் அழுதார். இரண்டு அழுகையும் ஒன்றல்ல என்று வக்கீலுக்குப் பின்னாலேயே ஓடிவந்த எனக்குத் தோன்றியது.

இரண்டு நாள் கழித்துக் கோப்பை முற்றத்துக்கே வந்தது. மன்ட்விடாஸ் அதைப் பழைய வளையத்துக்குக் கீழே வைத்தான். எல்லோரும் ஜிக்மஸைத் தோளில் தூக்கினார்கள். "அந்தக் கடைசிப் பந்து எப்படி இருந்துச்சு?" என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். ஆளுக்கு ஒரு மாதிரி சொன்னார்கள்.

கூட்டம் கலைந்ததும் ஸ்டாசே வந்தாள். ஒரு கையில் பிஸ்கட் கேக். இன்னொரு கையில் துண்டில் சுற்றிய என்னவோ. பிரித்தாள். அவள் கணவன் வேட்டைக்குக் கொண்டுபோன பெரிய பைனாகுலர்.

"இந்தா தம்பி, நீயே வெச்சுக்கோ. மன்ட்விடாஸும் ஆட்டத்தை விட்டுட்டான், இனிமே எனக்கு எதுக்கு?"

"இதை வெச்சு நான் என்னக்கா பண்ண?"

"என் வீட்ல ஏது டிவி? பத்து வருஷமா இதுலதான் உன் வீட்டு டிவியில ஒரு ஆட்டம் விடாம பாத்தேன்; இந்த வருஷம் உன் ஜன்னல் இருட்டானதுல இருந்து, ஜனவரியில அந்தக் கடைசி மூணு நிமிஷத்தைத் தவிர, நானும் ஒண்ணுமே பாக்கலை."