ஜவ்வரிசி அங்கிளின் போன்

உலகத்து வியாபாரிகளெல்லாம் சரக்கு விற்கும்வரைதான் கவலைப்படுவார்கள். விற்ற பிறகு கவலைப்பட ஆரம்பிக்கிற ஒரே மனிதர், எங்கள் பிரேசர் டவுன் ஜவ்வரிசி அங்கிள்.

கோலார் தங்கவயல்காரர். முதலில் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தார். அது படுத்ததும் ஜெராக்ஸ், அதுவும் படுத்ததும் ரீசார்ஜ். எல்லாம் ஓய்ந்து, தலையும் நரைத்த பிறகு, மகள் சொன்னாள் என்று பபிள் டீ கடை போட்டார். தெருவே சிரித்தது. ஐஸ் போட்ட பால் டீ. அடியில் மரவள்ளிக்கிழங்கு மாவில் செய்த கருப்பு உருண்டைகள். உறிஞ்ச விரல் தடிமனில் ஒரு ஸ்ட்ரா. காலேஜ் பெண்கள் அந்த உருண்டையை 'போபா' என்றார்கள். அங்கிளுக்கு இன்றுவரை அது ஜவ்வரிசிதான்.

அந்த உருண்டை இருக்கிறதே, வெந்த புதிதில் பஞ்சு. ஐஸில் கொஞ்ச நேரம் ஊறினால் கோலிக்குண்டு. இந்த உண்மையை அங்கிளால் தாங்கவே முடியவில்லை. கடைக்கு வந்து குடிப்பவர்கள் முன்னால் போலீஸ் மாதிரி நிற்பார். "முழுங்காத! மெல்லு! பல்லு இன்னாத்துக்கு இருக்குது?" பயத்திலேயே மென்றவர்கள் உண்டு.

பிறகு டெலிவரி ஆப் வந்தது. கப் யாரோ ஒருவருடைய பைக்கில் ஏறி டிராபிக்கில் மறைந்ததும், பெண்ணை வழியனுப்பிய அப்பா மாதிரி வாசலுக்கும் கல்லாவுக்கும் நடப்பார். கடைசியில் பொறுக்க மாட்டாமல் ஆர்டரில் இருந்த நம்பருக்கே போன் போட்டுவிட்டார்.

"இன்னாம்மா, கப்பு வந்துச்சா? ஒடனே குடி. அப்பறம்னு வெச்சிடாத."

ஒருநாள் ஒரு மேனேஜர் மீட்டிங்கில் இருந்தார். அங்கிள் போன் வந்ததும் பழக்க தோஷத்தில் ஸ்பீக்கரை அழுத்திவிட்டார். "சார், வேல எங்கயும் ஓடிப்போவாது. ஜவ்வரிசி கல்லாயிடும். மொதல்ல குடிங்க!" மொத்த டீமும் பார்த்துக்கொண்டிருக்க, மனிதர் குடித்து முடித்தார். மறுநாள் அந்த டீமே ஆர்டர் போட்டது.

ஆப் கம்பெனியிலிருந்து ஒரு இளைஞன் கண்டிப்பான குரலில் பேசினான். கஸ்டமர்களைத் தொந்தரவு செய்யக்கூடாதாம்.

"சரி தம்பி. நீ சாப்ட்டியா?"

அந்தப் பக்கம் கண்டிப்பு இறங்கிவிட்டது. பிறகு மெதுவாக, "இன்னும் இல்ல அங்கிள்."

அதற்கப்புறம் எந்தப் புகாரும் வரவில்லை. வியாபாரம்தான் ஏறிக்கொண்டே போனது. வேலூர், திருப்பத்தூர், தர்மபுரி என்று எங்கெங்கிருந்தோ வந்து பி.ஜி. ஹாஸ்டல்களில் தங்கியிருக்கிற பிள்ளைகள் தினமும் ஆர்டர் போட்டார்கள். டீக்காகத்தான் என்று நானும் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை மாலை. தெருமுனைவரை கியூ. நான் கல்லா ஓரமாக நின்றிருந்தேன். ரிச்சர்ட்ஸ் டவுன் பி.ஜி. ஒன்றில் இருக்கும் நித்யா என்ற ஆம்பூர்ப் பெண்ணுக்குப் போன டீயை, டெலிவரி ஆள் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். அங்கிள் போன் செய்தார். எடுக்கவில்லை. மறுபடி செய்தார். அப்போதும் எடுக்கவில்லை.

"தூங்கியிருப்பா அங்கிள்" என்றேன்.

"ஆர்டர் போட்டுட்டு யார்னா தூங்குவாங்களா? நேத்து பேசறப்பவே கொரலு சரியில்ல. வண்டில ஏறு."

அத்தனை கூட்டத்துக்கு முன்னால் ஷட்டரை இழுத்துவிட்டார். திட்டு வாங்கியபடியே ஸ்கூட்டரில் பறந்தோம்.

பி.ஜி. வார்டன் அம்மாள் வாசலை மறித்து நின்றார். ஆண்கள் உள்ளே வரக்கூடாது என்று கன்னடத்தில் அதட்டினார். அங்கிள் கன்னடத்திலேயே கெஞ்சினார்.

"நீங்க அவ அப்பாவா?"

"இல்லம்மா, டீக்கடைக்காரன்."

"பணம் வரணுமா?"

"அவ டீ குடிச்சாளான்னு கேக்கணும்."

எங்கள் இருவரில் யாருக்குப் பைத்தியம் அதிகம் முற்றியிருக்கிறது என்பதுபோல் வார்டன் மாறி மாறிப் பார்த்தார். வாட்ச்மேன் மேசையில் கப் தொடாமலே வியர்த்துக்கொண்டிருந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு அங்கிள் அங்கேயே நின்றுவிட்டார். ஆள் நகரமாட்டார் என்று தெரிந்ததும் வார்டன் அலுத்துக்கொண்டு மாடி ஏறினார். இறங்கும்போது ஓடிவந்தார்.

நித்யா காய்ச்சலில் நினைவில்லாமல் தரையில் கிடந்தாள். டெங்கு. இன்னும் தாமதித்திருந்தால் ஆபத்து என்றார் டாக்டர்.

அங்கிள் ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் ஆஸ்பத்திரி பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். காலையில் ஆம்பூரிலிருந்து அவள் அம்மா பதறிக்கொண்டு வந்து, "நீங்க யாருங்க?" என்று கேட்டார். ஊர் முழுக்க போனில் பேசுகிற மனிதர் எழுந்து நின்று ஏப்ரனை இழுத்துவிட்டுக்கொண்டார். கட்டிலிலிருந்து நித்யாதான் சொன்னாள்: "தெனம் போன் பண்ணுவாருன்னு சொல்வேனே, அவருதாம்மா."

அந்த அம்மா அவர் கைகளைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார். அங்கிள் தடுமாறி, "கஞ்சி குடுங்கம்மா. அத மெல்லத் தேவையில்ல" என்றார்.

ஒன்று சொல்ல வேண்டும். நான் குடியிருப்பது அவர் கடைக்கு நேர் மேலே. படி இறங்கினால் டீ. ஆனாலும் ஆப்பில்தான் ஆர்டர் போடுகிறேன். டெலிவரிக்கு வருகிறவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். சற்று நேரத்தில் போன் அடிக்கும். "குடிச்சியா?" என்கிற குரல் காதிலும் கேட்கும், ஜன்னல் வழியாகவும் கேட்கும்.

இரண்டுக்கும் சேர்த்து, "இதோ, குடிக்கிறேன் அங்கிள்" என்பேன்.